பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

சித்தப்பாவோடு காரில் போவதென்றால் ஒரு ஒப்பந்தம் உண்டு. ஆளுக்கு ஒரு மணி நேரம். அவரவர் முறையில் போடுவதை மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், அடுத்த பாட்டுக்குத் தாவச் சொல்லக் கூடாது. போன தை மாதம் புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது முதல் மணி நேரம் சித்தப்பாவுடையது. வழக்கம்போல ஒரு பழைய கச்சேரி. மாமல்லபுரம் தாண்டியதும் என் முறை வந்தது. பின் சீட்டில் அவர் மகன், என் தம்பி முறை, இருபது வயது. எனக்கு அன்று என்ன தோன்றியதோ, ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘கிட் ஏ’ ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். ஐம்பது நிமிடம், பத்துப் பாட்டு, கணக்கும் சரியாக இருந்தது.

முதல் பாட்டு முடியும்வரை யாரும் பேசவில்லை. இரண்டாவது பாட்டில் தம்பி, “அண்ணே, பாடறவரு ஏன் மூஞ்சிய மூடிக்கிட்டுப் பாடறாரு?” என்றான். மூன்றாவதில் பித்தளைக் குழல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது சித்தப்பா ஜன்னல் கண்ணாடியை ஏற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “சாயங்காலம் ஆறு மணிக்கு மத்திய கைலாஷ் சிக்னல்ல நிக்கிற மாதிரி இருக்குடா” என்றார். தம்பி அதற்குச் சிரித்துவிட்டு ஒப்பந்தத்தை மீறாமல் மீறும் குரலில் கேட்டான்: “பாட்டு எப்ப ஆரம்பிக்கும்ணே?”

நான் யோசிக்காமல் சொன்னேன்: “நாலாவதுல.”

அந்த பதில்தான் அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. இருபது வருஷமாக இந்த ஆல்பத்துக்காக எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றவன் நான். இதில் ‘பாட்டு’ எங்கே என்று தேடுகிறவர்களுக்குக் காது இல்லை என்றே சொல்லி வந்தவன். அப்படிப்பட்டவன், கல்பாக்கம் பக்கத்தில், ஒரு சின்னப் பையன் கேட்டதும் முதல் மூன்று தடத்தையும் கைவிட்டுவிட்டேன். பொறு தம்பி, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கூஸ்டிக் கிதார் வரும், வயலின்கள் வரும், உனக்குத் தெரிந்த மாதிரி ஒரு ஆள் சோகமாகப் பாடுவார். அதுவரை மன்னித்துக்கொள். இதைத்தான் அந்த ஒற்றைச் சொல்லில் சொல்லியிருக்கிறேன்.

கீறல் விழுந்த சிடி

எனக்கு அந்த ஆல்பம் வந்து சேர்ந்த விதம் அப்படியொன்றும் பெருமைப்படும்படி இருக்காது. 2002இல் கோவையில் ஹாஸ்டலில் இருந்தேன். ரேடியோஹெட்டின் முந்தைய ஆல்பமான ‘ஓகே கம்ப்யூட்டர்’ கேசட்டை நண்பன் ஒருவன் தொலைத்துவிட, சீனியர் ஒருவரிடம் போய் அதன் சிடி கேட்டேன். அவர் மார்க்கரில் குழுவின் பெயரை மட்டும் கிறுக்கியிருந்த ஒரு நகல் சிடியைத் தந்தார். அறைக்கு வந்து போட்டால் வேறு என்னவோ ஓடுகிறது. கிதாரைக் காணோம். இரண்டாவது தடத்தில் குரல் நசுங்கி நசுங்கி வந்ததும் திரும்பிப் போய், “அண்ணா, சிடி கீறல் விழுந்திருக்கு” என்றேன். அவர் ஹெட்போனை வாங்கி அரை நிமிடம் கேட்டுவிட்டு, “இல்லடா, அது அப்படித்தான்” என்றார். ‘ஓகே கம்ப்யூட்டர்’ அவரிடம் கிடையாது.

என்னிடம் அப்போது மொத்தமே மூன்று சிடிகள். மற்ற இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. ஸ்டடி லீவில் மெஸ் மூடிய பிறகான நீண்ட மதியங்களில் இதைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன். முதலில் நாலாவது பாட்டு மட்டும் பிடித்தது. ஒரு வாரம் கழித்து எட்டாவது, அந்த மெஷின் டிரம் தடதடக்கும் பாட்டு, காலை ஆட்ட வைத்தது. முதல் பாட்டு பிடிப்பதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் வரும் ஐந்தாவது தடம், சுருதிப் பெட்டியை நீரில் போட்ட மாதிரியான அந்த மிதப்பு, வெகுநாள் வரை எனக்குத் தூங்குவதற்கான இடமாகத்தான் இருந்தது. அறைத் தோழன் ஒருநாள் கேட்டுவிட்டு, “இதுக்கு ஃபேன் சத்தமே பரவால்லடா” என்றான். அன்றைக்கு அவன்மேல் எனக்கு ஒரு பரிதாபம் பிறந்தது. அந்தப் பரிதாபத்தை நான் பல வருஷம் ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அந்த ஆல்பம் எனக்கு ஒரு தராசு ஆகிவிட்டது. புதிதாக அறிமுகமாகிறவர்களுக்குப் போட்டுக் காட்டி முகத்தைப் பார்ப்பேன். நெற்றி சுருங்கினால் அவர் கணக்கு முடிந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நான் மட்டும் அப்படி இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒன்றரையும் பத்தும்

2000ஆம் ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் ‘கிட் ஏ’ வெளியானபோது, விமர்சகர்கள் ஒரே ஆல்பத்தைத்தான் கேட்டார்களா என்றே சந்தேகம் வரும். லண்டனின் ‘மெலடி மேக்கர்’ இதழில் மார்க் பியூமான்ட் ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார். அவர் எழுதியதில் ஒரு பகுதியை என்னால் வீட்டுப் பெரியவர்கள் படிக்கும் இடத்தில் மொழிபெயர்க்க முடியாது. அமெரிக்காவில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த ‘பிட்ச்ஃபோர்க்’ இணைய இதழ் பத்துக்குப் பத்து போட்டது. அந்தப் புகழ்ச்சி வானத்தில் எரிநட்சத்திரம் பார்த்ததில் தொடங்கி, இறந்து பிறந்த குழந்தை மறுமையில் விளையாடுவதை ஐமேக்ஸில் பார்ப்பது வரைக்கும் போகிறது. படிப்பவருக்கு எழுதியவரின் மயக்கம் தெரியும். பாட்டில் என்ன கருவி வாசிக்கிறது என்பதுதான் தெளிவாகாது.

இரண்டையும் நான் ஒரே வாரத்தில் படித்தது 2010 வாக்கில். படித்ததும் பத்துக்குப் பத்து எழுதியவரைத் தோளில் தூக்கிக்கொண்டேன், ஒன்றரைக்காரரைத் தூக்கி எறிந்தேன். நடுவில் இன்னொன்று இருந்தது. அது என்னை அப்போதே தொந்தரவு செய்தது. நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி அதே அக்டோபர் கடைசியில் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரை. அவர் திட்டவில்லை, கத்தவில்லை. இந்த ஆல்பத்தைப் பிடித்துப்போக வேண்டுமானால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கேட்க வேண்டும், அதற்குப் பொறுமையும் விசுவாசமும் வேண்டும், மாதச் சம்பளம் வாங்க ஆரம்பித்தவர்களிடம் அவை இரண்டும் அரிதாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். பதினாறு வயதில் இருப்பவனுக்கு அந்த நேரம் இருக்கும். எனக்கு இல்லை என்கிறார்.

முதலில் படித்தபோது இதை ஒரு சோம்பேறியின் வாக்குமூலமாகத்தான் எடுத்துக்கொண்டேன். கேட்பதற்கே நேரமில்லை என்கிறவர் எதற்குப் பாட்டைப் பற்றி எழுத வேண்டும்? கல்பாக்கத்தில் வாய் தவறிச் சொன்ன பதிலுக்குப் பிறகு அந்தக் கட்டுரை எனக்கு வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. மனிதர் என் ஹாஸ்டல் அறையை அப்படியே வர்ணித்திருக்கிறார். ஒரு மாதம் நான் அந்த சிடியைக் கேட்டேனே, அதைப் பொறுமை என்று இத்தனை நாள் சொல்லி வந்தேன். கையில் நாலாவது சிடி ஒன்று இருந்திருந்தால் அந்தப் பொறுமை இரண்டு நாள் தாங்கியிருக்காது. இன்றைக்குத் தம்பியின் போனில் உலகத்துப் பாட்டு முழுக்க இருக்கிறது. ஐந்தாவது தடத்தின் மிதப்பில் ஒரு மாதம் படுத்துக் கிடக்க அவனுக்கு என்ன தலைவிதி?

மூஞ்சியை மூடிக்கொண்டு

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள், பழக்கதோஷத்தில், அந்த ஆல்பம் பதிவான கதையை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மனப்பாடமான கதைதான். 1997இன் ‘ஓகே கம்ப்யூட்டர்’ சுற்றுப்பயணம் பாடகர் தாம் யார்க்கை உடைத்துப் போட்டது. தன் குரலை யார் யாரோ நகலெடுத்துப் பாடுவதைக் கேட்டு அவருக்குத் தன் குரல்மீதே ஒவ்வாமை வந்தது. கிதாரைத் தொடவே பிடிக்கவில்லை. வார்ப் என்ற எலக்ட்ரானிக் இசை நிறுவனத்தின் பழைய வெளியீடுகளை மொத்தமாக வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். 1999 தொடக்கத்தில் பாரிஸில் பதிவு தொடங்கி, கோபன்ஹேகன், கிளாஸ்டர்ஷயரில் ஒரு பழைய மாளிகை, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் சொந்த ஸ்டூடியோ என்று அலைந்து 2000 வசந்தத்தில்தான் முடிந்தது.

அதில் தலைப்புப் பாட்டு பற்றிய பத்தி வந்தது. யார்க் வரிகளைப் பேசினார். குழுவின் கிதார்க்காரர் ஜானி கிரீன்வுட் ஓந்த் மார்த்தனோ என்ற, 1920களின் பிரெஞ்சு மின்னிசைக் கருவியை வாசித்தார். பேச்சைக் கருவியின் சுரத்தில் ஏற்றும் வோகோடர் என்ற சாதனம் வழியாகப் பேச்சு இவருடையதாகவும் மெட்டு அவருடையதாகவும் ஒட்டப்பட்டது. அந்த வரிகள் கொடூரமானவை, சொந்தக் குரலில் தன்னால் அவற்றைப் பாடியிருக்க முடியாது என்ற பொருளில் யார்க் பின்னால் சொல்லியிருக்கிறார்.

மூஞ்சிய மூடிக்கிட்டுப் பாடறாரு.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மூன்றாவது பாட்டு பற்றிய இடத்தைத் தேடிப் போனேன். எட்டுப் பேர் கொண்ட பித்தளைக் குழல் குழுவை அழைத்து வந்து, யார்க்கும் கிரீன்வுட்டும் அவர்களிடம் கேட்டது போக்குவரத்து நெரிசல் மாதிரி ஒரு சத்தம். யார்க் அவர்களுக்கு முன்னால் குதித்துக் குதித்து நடத்தியதில் தன் காலையே உடைத்துக்கொண்டாராம். சித்தப்பாவுக்கு ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் யாரென்று தெரியாது, ஃப்ரீ ஜாஸ் தெரியாது. மத்திய கைலாஷ் சிக்னல் தெரியும். நான் இருபது வருஷமாக அந்தக் குழல்களைப் பற்றி ‘அராஜகம்’, ‘விடுதலை’ என்றெல்லாம் அளந்திருக்கிறேன். பாட்டைச் செய்தவர்கள் இசைக்கலைஞர்களுக்குக் கொடுத்த குறிப்பை அதே சொல்லில் கண்டுபிடித்தவர், அந்தப் பாட்டைப் பிடிக்காத, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, ஞாயிற்றுக்கிழமை பஜனையில் மிருதங்கம் வாசிக்கிற ஒரு மனிதர். அதுவும் முதல் தடவை கேட்டதில், மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில்.

பிடிக்காதவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் என்னைப் போன்ற ரசிகர்களின் ஒரே வாதம். ‘இன்னும் நாலு தடவை கேளு’ என்போம். அவர்கள் முதல் தடவையே சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். ஒரு ஆள் தன் முகத்தை மறைத்துக்கொள்வதைக் கேட்டார்கள், நெரிசலைக் கேட்டார்கள், பாட்டு என்று தாங்கள் எதை நினைக்கிறார்களோ அது வேண்டுமென்றே தள்ளி வைக்கப்பட்டிருப்பதைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார்கள். நான்தான் சரியாகக் கேட்கவில்லை. கீறல் விழுந்த சிடி என்று நினைத்தேன்.

குழுவுக்குள்ளேயே அந்த ‘வேண்டாம்’ இருந்ததை நான் எப்போதும் வேகமாகத் தாண்டிப் போவேன். இன்னொரு கிதார்க்காரர் எட் ஓபிரையன் மூன்று நிமிடக் கிதார் பாட்டுகளுக்குத் திரும்பலாம் என்று ஆசைப்பட்டவர். மூன்று கிதார்க்காரர்கள் உள்ள குழுவின் ஆல்பத்தில் முதல் பாட்டு ஒரு சிந்தசைஸரிலும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய குரலிலும் நிற்கிறது. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெளியிடும் தகுதியுள்ள ஓர் ஆல்பத்தில் ஒத்துப்போக முடியாவிட்டால் கலைந்துவிடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் பேசி வைத்தார்கள். எட்டாவது பாட்டின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஜானி கிரீன்வுட் இயந்திரங்களோடு தான் அளைந்ததை ஐம்பது நிமிடத்துக்குப் பதிவு செய்து யார்க்கிடம் கொடுக்க, அவர் முழுவதையும் கேட்டு அதில் சுமார் நாற்பது விநாடி அற்புதம் என்று வெட்டி எடுத்தார். அந்த நாற்பது விநாடிக்குள் இருப்பது பால் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1973இல் பிரின்ஸ்டனில், ஐபிஎம் கம்ப்யூட்டரில் செய்த இசையின் நாலு சுரக்கூட்டுகள். ஐம்பது நிமிடத்தில் நாற்பது விநாடி தேறியது என்று பாட்டு எழுதுகிறவரே சொல்கிறார். மீதிக்கு ‘என்னது இது’ என்று கேட்ட அவரைக் காது இல்லாதவர் என்று யாரும் சொல்லவில்லையே.

ஒரு சுருதியும் மாறாமல்

கடைக்கு ஒரு தனிப்பாட்டு சிங்கிள்கூட அனுப்பாமல், வழக்கமான வீடியோ இல்லாமல், வெளியாவதற்கு மூன்று வாரம் முன்பே நாப்ஸ்டர் என்ற இணையப் பாட்டுப் பகிர்வுச் சேவையில் கசிந்த ஒரு ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்தில் 2,07,000 பிரதிகள் விற்று முதலிடத்துக்கு வந்தது. இதே குழுவின் எல்லாருக்கும் பிடித்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ அங்கே 21ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 2001இல் சிறந்த மாற்று இசை ஆல்பத்துக்கான கிராமியும் கிடைத்தது. ஆக, திட்டுவதற்கும் புகழ்வதற்கும் அன்றைக்கு நிறைய பேர் இருந்தார்கள், நல்ல கூட்டம். பியூமான்ட் எழுதிய ‘மெலடி மேக்கர்’ அந்த டிசம்பரோடு மூடப்பட்டது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் ரசிகர்கள் நாங்கள் அதையும் ஒரு தீர்ப்பாகச் சொல்லிக்கொள்வோம்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு வேடிக்கை. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003இல் ‘கிட் ஏ’ 428ஆவது. 2012இல் 67. 2020இல் 20. நடுவில் அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பம் என்று அதே இதழும் பிட்ச்ஃபோர்க்கும் முடிசூட்டின. இந்த இடைவெளியில் ஆல்பத்தில் ஒரு சுருதிகூட மாறவில்லை. மாறியது பட்டியல் போடுகிறவர்கள். ஹாஸ்டல் அறையில் வேறு சிடி இல்லாமல் படுத்துக் கிடந்த தலைமுறை வேலைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, வாக்களிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் இதில் புகார் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இன்றைக்கு இருபது வயதில் ஒருவன் இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது முதலில் அவன் காதில் விழுவது ‘20ஆவது இடம்’ என்ற எண். அதற்குப் பிறகுதான் சிந்தசைஸர். பிடிக்கவில்லை என்றால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வான். 2000இல் ஒருவன் “குப்பை” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம், அந்த வார்த்தையை ஒரு பத்திரிகையே அச்சிட்டிருந்தது. என் தம்பிக்கு அந்தப் பட்டியல் தெரியாது. அதனால்தான் அவனால் மூஞ்சியை மூடிய ஆளைக் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

காரில் மிச்சம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது பாட்டு வந்தது. நான் வாக்குக் கொடுத்த கிதார் வந்தது. ஒரு தேவாலயத்தில் பதிவு செய்த வயலின்கள் மெதுவாக எழுந்து எழுந்து கடைசியில் சுருதி பிசகிப் போகிற இடம் வந்தது. ஓரக்கண்ணால் கண்ணாடியில் பார்த்தேன். தம்பி தூங்கிவிட்டிருந்தான். சித்தப்பா, “நல்லாத்தான் இருக்கு” என்றார். மாப்பிள்ளை வீட்டு சாம்பாரைப் பற்றிச் சொல்லும் அதே தொனி. எனக்கு அந்த ஆல்பத்தில் உயிரான பாட்டு அது. மூன்றாவது பாட்டுக்குக் கிடைத்த வசவில் பாதி மரியாதை இதற்குக் கிடைக்கவில்லை.

மரக்காணம் உப்பளங்கள் தெரிய ஆரம்பித்தபோது ஒன்பதாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் வரிசைப்படுத்தினால் பெரும்பாலும் நடுவில் எங்கேயோ விடுகிற பாட்டு; நானே அதைப் பற்றி ஒரு வரி எழுதியது கிடையாது. சித்தப்பாவின் வலது கை தொடையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, “கண்ட சாபுடா இது” என்றார். “அஞ்சு எண்ணிக்கை. அந்த டிரம்ஸ்காரன் யாரு? அலட்டிக்கவே மாட்டேங்கிறான்.”

ஃபில் செல்வே என்றேன். தலையாட்டினார். பாட்டு முடியும்வரை தட்டினார். பத்தாவதாக, நாடகக் கொட்டகைக் கால் ஆர்மோனியத்தின் உறவுக்காரன் போல ஒலிக்கும் அந்தப் பெடல் ஆர்கன் வந்தபோது ஆர்வம் போய் உப்பளத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் கேட்டார்: “அந்த அஞ்சு எண்ணிக்கைப் பாட்ட மட்டும் அனுப்பு. மத்ததெல்லாம் வேணாம்.” அனுப்பினேன். மறுநாள் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஸ்பீக்கரில் செல்வேயின் டிரம்ஸ், முன்னால் சித்தப்பாவின் மிருதங்கம். முதலில் தயங்கி, பிறகு ஒட்டிக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு நன்றாகவே போனது. யார்க் பாட ஆரம்பித்த சில விநாடிகளில் மிருதங்கம் நின்றுவிட்டது. “சும்மா இருந்தா என்ன அந்த ஆளு,” என்றார் சித்தப்பா, “குறுக்க குறுக்க வர்றான்.”